தெருவின் குரல்
(மாகறலில் நடைபெற்ற வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்தும் இச்சங்கத்தின் மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்தனர். நான் பாட்டைப் பற்றிப் பேச விழைகின்றேன். இரண்டும் வேறல்ல என்பது உரையின் இறுதியில் விளங்கும்.

செய்யாற்றங்கரையில் அமைந்த நம் மாகறல் பாடல் பெற்ற தலம். திருஞானசம்பந்தர் பாடி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அப்பதிகம் அழியவில்லை. அது ஏட்டில் எழுதப்பெற்றது, வழிவழியாக ஓதப்பெற்றது, பின்னர் அச்சேறியது. நம் பாட்டிமார் நடவு வயலில் பாடிய பாட்டுகள் எங்கே? இழவு வீட்டில் அவர்கள் கட்டிய ஒப்பாரிகள் எங்கே? பாடியவரோடு அவையும் மண்ணில் புதைந்தன. அவை தரத்தில் தாழ்ந்தவை என்பதனால் அன்று. எழுதி வைக்கும் எழுத்து நமக்கு மறுக்கப்பட்டிருந்ததனால்.

என் தந்தையார் பறையடித்தவர். விரும்பி அடித்தவர் அல்லர். சாவு விழுந்தால் ஆள் வரும், போயாக வேண்டும். கூலி என்பது களத்தில் அள்ளிப் போடும் நெல். ஒருநாள் அவர் பறையைப் பரண்மேல் ஏற்றி வைத்தார். “இனி என் பிள்ளை கையில் பலகையும் பலப்பமுந்தான்” என்றார். அதன்பின் அதை இறக்கவில்லை. அந்தப் பறை இறங்காததனால்தான் நான் பள்ளிப் படியேறினேன்.

சென்ற ஆண்டு என் பேரன் வந்து, “தாத்தா, பரண்மேல் இருப்பதைத் தாருங்கள், மேடையில் அடிக்க வேண்டும்” என்றான். எனக்குச் சினம் பொங்கியது. எதை உதறியெறிய ஒரு தலைமுறை பாடுபட்டதோ, அதையா நீ கேட்கின்றாய் என்றேன். அவன் விடையேதும் கூறாமல் கைபேசியில் ஒரு பாட்டை ஒலிக்கச் செய்தான்.

அது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் பாட்டு. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய இக்குழு, 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. பத்தொன்பது கலைஞர்கள், அவர்களுள் பெண் இசைவாணி ஒருவரே. அயோத்திதாச பண்டிதர் வழங்கிய ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்னும் சொல்லே குழுவின் பெயராயிற்று. பறையும் சட்டியும் தவிலும் ஒருபுறம், கிதார் ஒருபுறம், கானாவும் சொல்லிசையும் நடுவில். இடஒதுக்கீட்டையும் ஆணவக் கொலையையும் மலக்குழி மரணத்தையும் அவர்கள் மேடையிலேயே பாடினர்.

அக்குழுவில் ஒருவர் அறிவு. நம் காஞ்சிக்கு அண்மையிலுள்ள அரக்கோணத்துக்காரர், பொறியியல் பயின்றவர். அவரும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் இணைந்து 2019இல் ‘தெருக்குரல்’ என்னும் தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். பெயரைக் கவனியுங்கள். திருக்குறளின் ஓசையிலேயே தெருவின் குரலை வைத்தார்கள். அதில் ‘கள்ள மௌனி’ என்று ஒரு பாட்டு. அநீதியைக் கண்டும் வாய் திறவாதவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ? திரைப்படத்தின் துணையின்றியே அத்தொகுப்பு இளைஞரிடையே பரவியது. திரையுலகமும் அவரை நாடிற்று.

இது நமக்கு மட்டும் உரிய வரலாறன்று. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞர் 1970களில் சொல்லிசையைத் தெருவிலிருந்தே தொடங்கினர். 1977இல் ‘தி கிளாஷ்’ என்னும் இலண்டன் குழு தன் முதல் இசைத்தொகுப்பில் வேலையற்ற இளைஞரின் சினத்தைப் பாடிற்று.

அன்பர்களே! பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். எச்சொல்லால் இழிவுசெய்தார்களோ, அச்சொல்லையே தலைப்பாக்கித் தலைநிமிர்ந்தார். பேரன் கேட்டதும் அதுவே என்று அன்றிரவு உணர்ந்தேன். என் தந்தையார் உதறியது கட்டாயத்தை, இசையை அன்று. கட்டளைக்கு அடித்தால் அது அடிமைத் தொழில். விரும்பி அடித்தால் அது கலை.

எனினும் ஓர் எச்சரிக்கை. 2021இல் அறிவு எழுதித் தீ என்னும் பாடகியுடன் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’யைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழ் தீயின் படத்தையும், அறிவு எழுதிய வேறொரு பாட்டைப் பாடியவரின் படத்தையும் அட்டையில் இட்டது. இரு பாட்டையும் எழுதியவர் படம் அதில் இல்லை. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பின்னரே அறிவுக்குத் தனி அட்டை வந்தது. பாடுவது மட்டும் போதாது. பாட்டின்மேல் நம் பெயர் நிற்க வேண்டும். ஒப்பந்தத்தைப் படிக்கவும் உரிமையைக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். கல்வியும் பாட்டும் வேறல்ல என்று தொடக்கத்தில் நான் கூறியது இதனாலேயே.

ஆகவே இளைஞர்களே, இன்றே ஒரு பணியை மேற்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் பாட்டறிந்த பாட்டியார் எவரேனும் இருப்பார். அவர் பாட்டைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள், ஏட்டிலும் எழுதுங்கள், பாடியவர் பெயரை முதலில் எழுதுங்கள். அந்த ஏட்டை நம் சங்க நூலகத்தில் சேர்த்து வையுங்கள்.

பரண்மேல் இருந்த பறையை இறக்கினேன். தோல் கிழிந்திருந்தது; சட்டம் உறுதியாகவே இருந்தது. புதுத்தோல் போர்த்திக் கொடுத்தேன். எவன் அழைத்தாலும் கட்டாயத்திற்கு அடிக்கக் கூடாது, படிப்பை விடக் கூடாது என்னும் இரண்டே நிபந்தனைகள் விதித்தேன். இன்று மாலை இம்மேடையில் அவன் அதை முழக்குவான். முன்வரிசையில் அமர்ந்து நான் கேட்பேன்.