கொடியை உண்டு பசியாற முடியாது



வட அயர்லாந்தின் டெறி நகரிலே ஆசிரியராயிருந்து அரசியலிற் புகுந்த ஜோன் ஹியூம் என்பாரின் வாழ்வைப்பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம்.

1937ஆம் ஆண்டில் ஏழைக் கத்தோலிக்கக் குடும்பமொன்றின் மூத்த மகனாக அவர் பிறந்தார். தந்தையார் வேலையிழந்த கப்பற்பட்டறைத் தொழிலாளி. கொடிகள் பறந்த ஓர் அரசியற் கூட்டத்திலே சிறுவன் மெய்மறந்து நின்றபோது, கொடியை உண்டு பசியாற முடியாதென்று தந்தையார் உணர்த்தினார். மகன் அதனை மறக்கவேயில்லை.

கற்றுத் தேறித் தாம் பயின்ற கல்லூரியிலேயே பிரெஞ்சும் சரித்திரமும் கற்பித்தார். வங்கியின் வாசலை மிதிக்கவியலாத ஏழைகள் வட்டிக்காரரிடம் சிக்கித் தவித்த காலமது. 1960இல் நண்பர் சிலருடன் கூடிச் சிக்கன கடனுதவிச் சங்கமொன்றை நிறுவினார். மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் மக்களுக்கே கடனாயிற்று. நோபல் பரிசு பெற்ற பின்பும் இப்பணியையே அவர் பெருமையுடன் குறிப்பிட்டார்.

டெறியிலே கத்தோலிக்கர் பெரும்பான்மையினர். ஆயினும் வட்டாரங்களை வகுத்த சூழ்ச்சியால் மாநகரசபை சிறுபான்மையினரின் கையிலிருந்தது. உள்ளூராட்சித் தேர்தலிலே வீட்டுக்குரியோருக்கும் அவர்தம் துணைக்குமே வாக்கு. ஆகவே, வீட்டை மறுப்பது வாக்கை மறுப்பதாயிற்று! 1968 ஒக்டோபர் 5ஆந் திகதி உரிமை கோரி ஊர்வலஞ் சென்றோரைப் பொலிசார் தடிகொண்டு தாக்கினர். அடுத்த ஆண்டு ஹியூம் வட அயர்லாந்துப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 1970இல் சமூக சனநாயகத் தொழிற் கட்சியை நிறுவியோருள் ஒருவரானார்.

1972 ஜனவரி 30ஆந் திகதி அதே நகரிலே பிரித்தானியப் படையினர் நிராயுதபாணிகளைச் சுட்டனர். அன்றே 13 பேர் மாண்டனர். இளைஞர் பலர் ஆயுதம் ஏந்தினர். ஹியூம் ஏந்தவில்லை. பிரிந்து கிடப்பது நிலமன்று, மக்களே. மக்களைத் துப்பாக்கி ஒன்றாக்காது என்று ஓயாது கூறினார். ஒரே பேச்சையே பேசுகின்றாரென ஏளனஞ் செய்தோரும் உளர். மாணாக்கனுக்கு விளங்கும்வரை பாடத்தைத் திரும்பச் சொல்வது ஆசிரியரின் கடனன்றோ?

1988இலும் மீண்டும் 1993இலும் சின் பெயின் தலைவர் ஜெரி அடம்ஸுடன் பேசினார். வன்முறையாளருக்கு மதிப்புத் தேடித் தருகின்றாரெனப் பத்திரிகைகள் தூற்றின. கட்சிக்கு நட்டமென உட்கட்சியினரே எச்சரித்தனர். அவர் பேச்சைக் கைவிடவில்லை. 1994 ஓகஸ்டில் ஐரிஷ் குடியரசுப் படை போர் நிறுத்தம் அறிவித்தது. அது 1996இல் முறிந்து, 1997இல் மீண்டது. 1998 ஏப்ரல் 10ஆந் திகதி உடன்படிக்கை பிறந்தது. வட அயர்லாந்து வாக்காளருள் 71 வீதத்தினர் அதனை ஏற்றனர். அவ்வாண்டின் நோபல் சமாதானப் பரிசு ஹியூமுக்கும், எதிரணித் தலைவர் டேவிட் டிறிம்பிளுக்கும் கிடைத்தது.

எச்சரித்தோர் சொன்னதும் பலித்தது. 2001 பொதுத் தேர்தலிலே சின் பெயின் அவரது கட்சியை முந்தியது. அவ்வாண்டே தலைமையைத் துறந்தார். 2020 ஓகஸ்டில் மறைந்தார்.

விதைத்தவன் அறுக்காத வயலும் உண்டு. ஆயினும் அவ்விளைச்சலை ஊர் உண்டது. அரசியலிற் புகுவோர் கட்சியின் இலாபத்தை முதலிற் கணக்கிடுவதா, மக்களின் உயிரையா என்னும் வினாவுக்கு அவ்வாசிரியர் தம் வாழ்வையே விடையாக எழுதிச் சென்றார் என்பதே எம் துணிபு.