நான் அடித்த சொல்

(திருப்பாலைவனத்தில் நடந்த ஆசிரியர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பகுதிக்குப் பணிமாறுதல் ஆணை கிடைத்த அன்று என் வீட்டில் ஒரு சின்னக் கலக்கம். திருப்பாலைவனம் என்ற பெயரைக் கேட்டதும் என் அம்மா, "பாலைவனமா? தண்ணிக்கு என்னப்பா பண்ணுவே?" என்றார். பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பேருந்தில் ஏறி வந்து பார்த்தால் வழியெல்லாம் வயல். இன்னும் கொஞ்ச தூரம் போனால் கண்ணுக்கெட்டிய வரை ஏரி. பாலை மரங்கள் நிறைந்த வனமாக இருந்ததால் வந்த பெயர் என்று இங்குள்ள பெரியவர்கள் சொன்னார்கள். ஒரே பெயரை வெளியூர்க்காரர் ஒரு மாதிரி படிக்கிறார், உள்ளூர்க்காரர் வேறு மாதிரி படிக்கிறார். நான் இன்று பேசப்போவதும் ஏறத்தாழ இதைப் பற்றித்தான்.

இந்த மாதம் நம் வட்டம் எடுத்துக்கொண்ட நூல் ஜார்ஜ் ஆர்வெலின் '1984'. 1949 ஜூன் மாதம் வெளிவந்த நாவல். தமிழில் க.நா.சுப்ரமண்யம் மொழிபெயர்த்திருக்கிறார். ஆர்வெல் பிறந்தது நம் நாட்டில்தான். பீகாரில் உள்ள மோதிஹாரியில், 1903 ஜூன் 25 அன்று. அவருடைய தந்தை ஆங்கிலேய அரசின் அபினித் துறையில் வேலை பார்த்தார். ஆர்வெலும் இளமையில் பர்மாவில் ஐந்தாண்டுக் காலம் காவல்துறை அதிகாரியாக இருந்தார். மக்களை அடக்கி ஆளும் ஓர் அரசு உள்ளே எப்படி இயங்கும் என்பதை அவர் சீருடை போட்டுக்கொண்டே பார்த்தவர்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாடு. அதை ஒரே ஒரு கட்சி ஆள்கிறது. சுவரெங்கும் 'பெரிய அண்ணன்' படம். வீட்டுக்குள்ளேயே ஒரு திரை இருக்கும். அது நமக்குக் காட்சி காட்டும், அதே நேரத்தில் நம்மையும் பார்த்துக்கொண்டிருக்கும். கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித் 'உண்மை அமைச்சக'த்தில் ஊழியர். அவர் வேலை, பழைய செய்தித்தாள்களைத் திருத்துவது. தலைவர் நேற்றுச் சொன்னது இன்று பொய்யாகிவிட்டால், நேற்றைய பத்திரிகையை மாற்றி அச்சடித்துவிட வேண்டும். இந்த மனிதர் ஒருநாள் ரகசியமாக நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறார். அங்கிருந்து அவருடைய வீழ்ச்சி தொடங்குகிறது. கடைசியில் சித்திரவதைக்கு ஆளாகி, இரண்டும் இரண்டும் ஐந்து என்று சொல்லும் நிலைக்கு வருகிறார்.

அதில் ஆசிரியர்களாகிய நம்மைத் தைக்கிற ஓரிடம் உண்டு. பக்கத்து வீட்டுச் சிறுமி பெற்ற தகப்பனையே அரசிடம் காட்டிக்கொடுக்கிறாள். சிறையில் அந்தத் தகப்பன் தன் மகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார். அந்தச் சிறுமிக்கும் யாரோ ஒருவர் பாடம் நடத்தியிருப்பார் அல்லவா?

இந்த நாவலைப் படித்தவர்கள் ஒரே கருத்தைச் சொல்லவில்லை. போலந்துக் கவிஞர் செஸ்லாவ் மிலோஷ் 1953-இல் வந்த தம் நூலில் ஒரு செய்தி சொல்கிறார். கிழக்கு ஐரோப்பாவில் கட்சியின் உள்வட்டத்தார் சிலருக்கு மட்டும் இந்த நாவல் தெரிந்திருந்தது. ரஷ்யாவில் ஒருநாளும் வாழாத ஒருவருக்குத் தங்கள் வாழ்க்கை எப்படி இவ்வளவு சரியாகத் தெரிந்தது என்று அவர்கள் வியந்தார்களாம். ஆல்டஸ் ஹக்ஸ்லி வேறு விதமாகப் படித்தார். அவர் ஈட்டன் பள்ளியில் சிறிது காலம் ஆர்வெலுக்குப் பிரெஞ்சு கற்பித்தவர். 1949 அக்டோபரில் தம் பழைய மாணவருக்கு எழுதிய கடிதத்தில், நூலைப் பாராட்டிவிட்டு, வருங்கால ஆட்சியாளர்கள் அடித்து உதைத்துச் சிரமப்பட மாட்டார்கள், மக்கள் தாங்களே விரும்பி அடிமையாகும்படி செய்துவிடுவார்கள் என்ற பொருளில் எழுதினார். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1980-இல் கடுமையாக விமர்சித்தார். எல்லோரையும் எந்நேரமும் கண்காணிப்பது என்றால் அதற்கு எத்தனை ஆட்கள் வேண்டும், இது நடக்கிற காரியமா என்பது அவர் கேள்விகளில் ஒன்று.

என் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் அனுபவத்தை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அது ஆர்வெலின் பிறந்தநாள் என்பது தற்செயல்தான். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. தலையங்கம் வர வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டு எதிர்ப்பைக் காட்டிய நாளிதழும் உண்டு. "அதுக்கு முன்னாடி படிச்சப்போ அது லண்டன்ல நடக்கிற கதை. 1976-ல திரும்பப் படிச்சப்போ நம்ம கதையாயிடுச்சு" என்பார். ஆள் அதே ஆள், புத்தகம் அதே புத்தகம்.

சென்ற ஆண்டு பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இந்த நாவலை நான்கு நூலகப் பாடவேளைகளில் கதையாகச் சொன்னேன். அவர்கள் வயதுக்குப் பொருந்தாத பகுதிகளை விட்டுவிட்டேன். முடிவில், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டேன். வழக்கம்போல முதலில் அமைதி. பிறகு ஒருவன் எழுந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்களோ அதைச் சொல்லுங்க ஐயா, எழுதிக்கிறோம்" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. பதினோரு வருடப் படிப்பில் நாம் அவனுக்குக் கொடுத்த பயிற்சி அது.

மறுவாரம் நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன். அப்போதுதான் பேச்சு வந்தது.

ஒரு மாணவி, "அந்தத் திரை எதுக்கு ஐயா? எங்க தெருவுல நான் எப்போ வரேன், யார்கூடப் பேசுறேன்னு எல்லாருக்கும் தெரியும். பையனுங்களைப் பத்தி யாரும் கேக்கறதில்ல" என்றாள். அசிமோவ் கேட்ட கேள்விக்கு இது ஒரு பதில். ஆட்கள் தேவையில்லை, அக்கம்பக்கமே போதும். அவளுக்கு அசிமோவ் யாரென்று தெரியாது.

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவன் ஸ்ரீஹரிகோட்டாவை இழுத்தான். "ராக்கெட் விடுற அன்னிக்குக் கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்வாங்க. அதுவும் கட்டுப்பாடுதான். ஆனா தேதி சொல்றாங்க, காரணம் சொல்றாங்க. அந்த நாவல்ல காரணமே கேக்க முடியாதே" என்றான். கட்டுப்பாடு எல்லாமே கொடுமை அல்ல, கேள்வி கேட்க முடியாத கட்டுப்பாடுதான் கொடுமை என்று அவன் பிரித்துக் காட்டினான்.

இன்னொருவன், கடைசியில் பெரிய அண்ணன் செத்துப்போகிறான் என்று அடித்துச் சொன்னான். "கதையில் எந்த இடத்தில் அப்படி வருகிறது?" என்று கேட்டேன். தேடினான். இல்லை. "அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன்" என்றான். கதையில் இருப்பது எது, நம் ஆசை எது என்று பிரித்துப் பார்க்க அன்று எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

பிறகு 'புதுமொழி'க்கு வந்தோம். நாவலில் அகராதித் துறையில் ஒருவர் இருக்கிறார். மற்ற அகராதிக்காரர்கள் சொற்களைச் சேர்ப்பார்கள். இவர் வேலை சொற்களை ஒழிப்பது. 'நல்ல' இருக்கும்போது 'கெட்ட' எதற்கு, 'நல்லதல்லாத' போதுமே என்பார். சொல் ஒழிந்தால் அந்தச் சொல்லால் நினைக்கக்கூடிய நினைப்பும் ஒழியும் என்பது கட்சியின் கணக்கு. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாத பெண்.

"ஐயா, நீங்களும் எங்க சொல்லை அடிச்சீங்க."

"எந்தச் சொல்லம்மா?"

"பாடு."

முந்தைய ஆண்டு அவள் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். 'என் வாழ்வில் மகிழ்ச்சியான நாள்' என்று கட்டுரை. "அன்று எங்களுக்கு நல்ல பாடு. அப்பா சிரித்த முகத்தோடு வந்தார்" என்று எழுதியிருந்தாளாம். நான் சிவப்பு மையால் அடித்து, "பாடு என்றால் துன்பம். நல்ல நாள் என்று எழுதுக" என்று பக்கத்தில் எழுதியிருந்தேன். எனக்கு நினைவே இல்லை. அவள் மறக்கவில்லை.

பழவேற்காட்டு ஏரியோரக் குப்பங்களில் பாடு என்பது என்ன என்று இங்கு நெடுநாள் பணிபுரியும் உங்களுக்குத் தெரியும். ஏரியில் இறால் வலை கட்ட ஏற்ற இடங்கள் குறைவு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த இடமும் பாடு, அந்த முறையும் பாடு. தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு. வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட எடுத்துப் பேசும் ஏற்பாடு. நான் ஒரு கோடு போட்டு அதை அழித்திருந்தேன். அவளுடைய அப்பாவின் மகிழ்ச்சியை நான் துன்பமாகப் படித்திருந்தேன்.

அன்று வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். மாலையில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். பாடு என்ற சொல்லுக்குப் பெருமை, ஓசை, இடம், துன்பம் என்று நீண்ட பட்டியல் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையைத் திருத்தியிருக்கிறேன்.

கதை அத்தோடு முடியவில்லை. பாட்டைப் பற்றி அவள் வகுப்புக்கு விளக்கினாள். "அந்த நாவல் மாதிரி இல்ல, எங்க ஊர்ல எல்லாரும் கூடிப் பேசித்தான் முடிவு பண்ணுவாங்க" என்று பெருமையாகச் சொன்னாள். உடனே ஒரு மாணவன் எழுந்தான். அவன் குடும்பம் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பம். "அந்தக் கூட்டத்துல எங்களுக்கு இடம் கிடையாதே" என்றான். அவள் சற்று யோசித்து, "பொம்பளைங்களுக்கும் கிடையாது" என்றாள்.

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவே 'விடை' ஆகியிருக்கும். ஒரு சொல்லை அடிக்காமல் விட்டதால் அதன் பெருமையும் வகுப்புக்கு வந்தது, அதற்குள் இருக்கும் குறையும் வந்தது. சொல்லே இல்லாமல் போயிருந்தால் இரண்டையும் பேசியிருக்க முடியாது.

நண்பர்களே, நாம் யாரும் கொடுங்கோலர்கள் அல்ல. நாற்பது நோட்டு திருத்த வேண்டும், பாடத்திட்டம் முடிக்க வேண்டும், பொதுத்தேர்வு இருக்கிறது. அவசரத்தில்தான் கோடு போடுகிறோம். ஆனால் கோடு போடப்பட்ட பிள்ளைக்கு நம் அவசரம் தெரியாது. தன் வீட்டுச் சொல் தப்பு என்பது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு நான் பின்பற்றும் மூன்று பழக்கங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தெரியாத சொல்லை அடிப்பதில்லை, வட்டம் போட்டு, "இதன் பொருள் என்ன?" என்று ஓரத்தில் எழுதுகிறேன். பிள்ளைகள் சொல்லும் பொருளை வகுப்பிலுள்ள ஒரு பொது நோட்டில் அவர்களே எழுதுகிறார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு மட்டுமே ஒரு பக்கம் ஆகிவிட்டது.

இரண்டாவது, பொதுத்தமிழையும் விடுவதில்லை. தேர்வுத்தாளைத் திருத்துபவர் வேறு ஊர்க்காரராக இருப்பார். ஆகவே, "பாடு, அதாவது ஏரியில் வலை கட்டும் எங்கள் முறை" என்று அவருக்கும் புரியும்படி எழுதப் பழக்குகிறேன். ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லை வைப்பதில்லை. இருக்கும் சொல்லோடு இன்னொன்றைச் சேர்க்கிறோம்.

மூன்றாவது, கதையோ கவிதையோ, என் கருத்தைக் கடைசியில்தான் சொல்கிறேன். யார் எந்தக் கருத்துச் சொன்னாலும் "பாடத்தில் எந்த இடம்?" என்று கேட்கிறேன். இரண்டும் இரண்டும் நான்குதான். அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வின்ஸ்டன் நாட்குறிப்பு எழுதியது துணிச்சலா முட்டாள்தனமா என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. என் வகுப்பில் இன்னும் அது முடிவாகவில்லை.

"நீங்க சொல்லுங்க ஐயா, எழுதிக்கிறோம்" என்ற அந்த மாணவன் இந்த வருடம் பிளஸ் டூ. போன வாரம் ஒரு செய்யுளுக்கு நான் சொன்ன விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "எனக்கு அப்படித் தோணல ஐயா" என்றான். எந்த வரி என்று கேட்டேன். காட்டினான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். இப்போது உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.