தாபரிப்புக் காசும் சம்பள நிலுவைதான்

(கொத்மலைப் பகுதித் தோட்டங்களின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை இறங்குவதற்குள் முடிக்கும்படி சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் விபரம் எடுப்போம். பெயர், பிறந்த திகதி, டிவிசன், தந்தையின் தொழில். இந்த வருடம் தரம் 4இல் ஒரு பிள்ளை தந்தையின் தொழில் என்ற இடத்தில் "கொழும்பு" என்று எழுதிக் கொடுத்தது. ஊரைக் கேட்கவில்லையே, என்ன வேலை என்றுதானே கேட்டோம் என்றோம். "தெரியாது டீச்சர். கொழும்புன்னுதான் அம்மா சொல்லும்" என்றது. பக்கத்தில் இருந்த பிள்ளையும், "எங்கப்பாவும் கொழும்புதான் டீச்சர்" என்றது. வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கொழும்புக்குப் போன எல்லோரும் வீட்டை விட்டவர்கள் இல்லை. கடையில் படுத்து, கடையில் சாப்பிட்டு, மாதம் தவறாமல் காசு அனுப்புகிறவர்கள் நம் லயங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இன்று பேச்சில்லை. போனவர் போனவராகவே இருக்க, காலையில் 7 மணிக்குப் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிற தாயைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கல்யாணம் ரெஜிஸ்டர் பண்ணல, அதனால கேஸ் போட முடியாது" என்று நம் பெண்கள் சொல்கிறார்கள். அதையே தலைவர்மாரும் சொல்கிறார்கள். இந்தப் பயம் 1889ஆம் ஆண்டின் பழைய பராமரிப்புச் சட்டத்திலிருந்து வந்தது. அந்தச் சட்டத்தில், கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்காகத் தாய் பொதுவாக ஒரு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். அவளுடைய வாய்ச்சொல் மட்டும் போதாது, அதற்கு வேறு சாட்சியும் வேண்டும். கோப்பி அழிந்து தேயிலை வந்த காலத்துச் சட்டம் அது. 110 வருடம் இருந்தது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தபோது அது போய்விட்டது. இன்றைய சட்டத்துக்குப் பதிவுக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளையும் ஒன்றுதான், பதியாத குடும்பத்தில் பிறந்த பிள்ளையும் ஒன்றுதான். இவர்தான் தகப்பன் என்று நீதவான் நம்பும்படி காட்ட வேண்டும், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்தால் வேலை சுலபம்.

பிள்ளையைத் தாய்தான் வளர்க்க வேண்டும் என்றும் இல்லை. அம்மாயி வளர்த்தாலும், பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர் வழக்கு வைக்கலாம். 18 வயதோடு எல்லாம் முடிந்தது என்பதும் சரியில்லை. தன்னைத் தானே பராமரிக்க முடியாத நிலையில் இருந்தால் 25 வயது வரைக்கும் கேட்க இடமிருக்கிறது. உயர்தரம் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். கடமை தகப்பனுக்கு மட்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. வருமானம் உள்ள தாய்க்கும் அது உண்டு.

சட்டம் நல்ல சட்டம். கட்டளையும் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. காசுதான் கிடைப்பதில்லை.

எங்கள் அங்கத்தவர் ஒருவரின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். இரண்டு பிள்ளைகள். தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வழக்கு வைத்தோம். முதல் அழைப்பாணை திரும்பி வந்தது. கடையின் பெயர் தெரியும், விலாசம் தெரியாது. இரண்டாவது முறை அவருடைய தோட்டத்து விலாசத்துக்குப் போனது. நம் லயத்துக்கு ஏது விலாசம்? காம்பராவுக்கு இலக்கம் கிடையாது, வீதிக்குப் பெயர் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். ஆபீசிலிருந்து யார் கையில் போனது, எந்த மேசையில் கிடந்தது என்று இன்றைக்கும் தெரியாது. மூன்றாவது தவணையில் ஆள் வந்தார், மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. வழக்கு சிங்களத்தில் நடந்தது. விளங்காத மொழியில் வழக்கு நடந்தால் அரசாங்கச் செலவில் மொழிபெயர்ப்புப் பெறுவது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நமக்குத் தந்த உரிமை. உரிமைக்காகக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொன்னார்கள், இன்னொரு தவணை போட்டார்கள்.

ஐந்து தவணை போனது. ஐந்து நாள் பேர் இல்லை. நாட்சம்பளம் 1350 ரூபாய்ப்படி 6750 ரூபாய். பஸ் காசும் சாப்பாடும் தனி. ஐந்தாவது தவணையில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 8000 ரூபாய் என்று கட்டளை கிடைத்தது. அன்றைக்கு டவுனில் தேத்தண்ணி வாங்கிக் குடித்தோம், ஜெயித்துவிட்டோம் என்று.

முதல் மாதம் 8000 வந்தது. அடுத்த மாதம் 3000. மூன்றாம் மாதம் ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு மாதமும் கொழுந்தை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போய், காசு கட்டியிருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு வரும். அதிலும் ஒரு பேர் போகும். காசு வங்கிப் புத்தகத்தில் விழும்படி கட்டளை கேட்டிருக்கலாம். அது எங்களுக்கு அன்று தோன்றவில்லை. இப்போது எல்லா வழக்கிலும் கேட்கிறோம்.

கட்டளையை மீறினால் பிடியாணை கேட்கலாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியலில் வைக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தத் தாயிடம் கேட்டால், "உள்ள போட்டா புள்ளைக்கு யாரு குடுப்பா டீச்சர்? மாமியா வந்து வாசல்ல ஒப்பாரி வைக்கும்" என்கிறார். நியாயம்தானே? மறியல் சோறு போடாது. ஆனாலும் மறியல் வரும் என்று தெரிந்த பிறகுதான் சில பேரின் சட்டைப்பையில் காசு இருப்பது தெரியவருகிறது. அதையும் பார்த்திருக்கிறோம்.

இனிச் சொல்லப்போவது தலைவர்மாருக்குப் பிடிக்காது. பிடியாணை கிடந்த அந்த மனிதர் தேர்த் திருவிழாவுக்கு வந்தார். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். வடம் பிடித்தார். அன்னதானத்துக்கு 5000 ரூபாய் எழுதினார், ரசீது இருக்கிறது. ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள். அந்த மாதம் அவருடைய பிள்ளைகள் இருவரும் பழைய சப்பாத்தோடுதான் பள்ளிக்கூடம் வந்தார்கள், ஒன்றில் அடி பிளந்திருந்தது. பொலிசுக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. திருவிழா நேரத்தில் தோட்டத்தில் பிரச்சினை வேண்டாம் என்று தலைவர் சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். பேசித் தீர்ப்போம் என்று கோயில் வாசலில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அந்தத் தாளை எந்த நீதிமன்றமும் கேட்டதில்லை. அவரும் மதித்ததில்லை. நாங்கள் அதை நம்பியிருந்ததில் ஒன்றரை வருடம் போனது. அந்தத் தாய் இன்றைக்கும் எங்களைத் திட்டியதில்லை. திட்டியிருக்கலாம்.

கம்பெனி மூன்று மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தால் நாம் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோமா? 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய், இரண்டுக்கும் எத்தனை நாள் பேசினோம். ஒரு பேர் குறைந்தால் செக்ரோலைத் திறந்து காட்டச் சொல்கிறோம். பெரிய கிளாக்கரோடு சண்டை போடுகிறோம். பிள்ளைக்கு வர வேண்டிய காசு நின்றால் மட்டும் அது குடும்ப விவகாரம் ஆகிவிடுகிறது. காரணம் தெரியாமல் இல்லை. காசு தராதவரும் நம்முடைய அங்கத்தவர், அவரும் சந்தா கட்டுகிறார், தேர்தலில் கை தூக்குகிறார்.

சந்தா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. செக்ரோலில் சந்தா பிடிக்கிறார்கள். தீபாவளி முன்பணம் பிடிக்கிறார்கள். கோயில் காசும் மரணநிதியும் பிடிக்கிற தோட்டங்கள் இருக்கின்றன. பிள்ளைக் காசை மட்டும் பிடிக்க முடியாதாம். முடியும். கட்டளையை மீறியவரின் சம்பளத்திலிருந்து கழித்து அனுப்பும்படி அவருடைய முதலாளிக்கு நீதவான் உத்தரவிட இந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. தோட்டத்தில் நிரந்தரமாகப் பேர் உள்ளவர்களிடம் இதைவிடச் சரியான வழி கிடையாது. ஆகவேதான் சில கெட்டிக்காரர்கள் வழக்கு வந்ததும் செக்ரோலிலிருந்து பேரை எடுத்துக்கொண்டு கைக்காசு வேலைக்குப் போகிறார்கள். எங்கே கைக்காசு வேலை செய்கிறார் என்று உடன் வேலை செய்கிற நமக்குத் தெரியும். அதை வந்து சொல்ல வேண்டும்.

கொழும்புக் கடையில் செக்ரோல் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. அங்கே விலாசம்தான் ஆயுதம். கடைப் பெயர், தெரு, முதலாளியின் பெயர், அவர் காசு அனுப்பிய பழைய ரசீது, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். வழக்கை நீங்கள் இருக்கிற பகுதி நீதிமன்றத்திலேயே வைக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

வெளிநாடு போனவர்களின் விஷயம் இன்னும் கஷ்டம். வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணம் பெறுவதற்கு 1956இல் ஐக்கிய நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தது. இலங்கை 1958இலேயே சேர்ந்துவிட்டது. நம் ஆட்கள் போகிற சவூதியும் குவைத்தும் கட்டாரும் அதில் இல்லை. இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013 தொடக்கம், வெளிநாடு போகிற தாய், தன் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று குடும்பப் பின்னணி அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. 2022இல்தான் அதைத் தளர்த்தினார்கள். தகப்பனிடம் அப்படி ஓர் அறிக்கை கேட்கவில்லை. போன தாய்மார் அனுப்புகிற காசு யார் கையில் போய் எந்தக் கடையில் கரைகிறது என்பதற்கு வேறொரு கூட்டம் போட வேண்டும்.

இது நம் மலைக்கு மட்டும் உள்ள சீக்கு என்று நினைக்காதீர்கள். பிரித்தானியாவில் 1993இல் பிள்ளைக் காசு வசூலிப்பதற்கென்றே தனி அரசாங்க நிறுவனம் அமைத்தார்கள். நிலுவை மலையாகக் குவிந்தது. கடைசியில் அதை மூடி வேறொன்று அமைத்தார்கள். ஆனால் அங்கே தேடுவதற்கு ஒரு கந்தோராவது இருந்தது. இங்கே தேடுகிறவள், கொழுந்து எடுக்கிற தாய் ஒருத்திதான்.

ஆகவே கமிட்டியிடம் மூன்று காரியம் கேட்டிருக்கிறோம். தாபரிப்புக் கட்டளை நிலுவையில் உள்ள அங்கத்தவர் எவரும் தோட்டக் கமிட்டிப் பதவிக்கு நிற்கக்கூடாது. வழக்குத் தவணைக்குப் போகிற தாயின் பஸ் காசை மாதர் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். கோயில் வாசலில் தாள் எழுதுகிற வேலையை நிறுத்த வேண்டும், பேசித் தீர்ப்பதானாலும் அதை நீதவான் முன்னிலையில் பதிய வேண்டும். முதலாவதற்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. யார் எதிர்த்தார்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். அடுத்த மாதக் கூட்டத்தில் கை தூக்கிக் கேட்பார்கள். அன்று மாதர் அணி முழுசாக வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்போம். சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை அங்கேயே எழுதலாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, பழைய கட்டளை இருந்தால் அதன் பிரதி, அவருடைய போட்டோ, தொலைபேசி இலக்கம், கடைப் பெயர் எல்லாம் கொண்டுவாருங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களும் வாருங்கள், அதற்கும் பிரதேச செயலகத்துக்கு எழுதுவோம். பிள்ளைகளையும் கூட்டி வரலாம், விளையாட இடம் இருக்கிறது.