படுக்கையிலுள்ள முதியோரின் தேக சுத்தம்

(உத்தமபாளையத்தில் நம் சங்கத்தார் முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் இவ்வூரில், வயலில் உழைத்துத் தேய்ந்த முதியோர் பலர் இன்று படுக்கையில் உள்ளனர். பிள்ளைகளோ திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைப்பு நாடிச் சென்றனர். ஆதலின் அம்முதியோரைச் சுத்தமாய் வைக்கும் பணி மருமகள் ஒருத்தியின் தலையிலோ, முதியோர் இல்லத்துக் கூலியாளின் தலையிலோ விழுகின்றது. அதனை இழிவென்று நம் குலத்தார் எண்ணுவதே முதற்பிழை. குழவிப் பருவத்தில் நம் மலமூத்திரத்தை அருவருக்காது கழுவியவை அவர்தம் கைகளன்றோ?

நிற்க. நம் தென் ஜில்லாக்களில் 'தலைக்கூத்தல்' என்னும் கொடிய வழக்கம் இருந்தமையை யாவரும் அறிவர். 2010-ஆம் ஆண்டில் விருதுநகர் ஜில்லாவிலிருந்து அச்செய்தி பத்திரிகைகளில் வெளியாகி நம்மை நாணச் செய்தது. முதியோரைக் காக்க வேண்டிய எண்ணெய் முழுக்கே அவர் உயிரை வாங்கும் கருவியாயிற்று! பேணிச் சலித்த மனமும் அதற்கு ஒரு காரணமாம். பேணும் முறையை அறிந்து, பலரும் பகிர்ந்து செய்யின் அச்சலிப்பு நீங்கும்.

முறை எளிது. தொடுமுன் சொல்லித் தொடுதல் வேண்டும். ஆடை முழுவதையும் ஒருங்கே களையாது, துடைக்கும் உறுப்பை மட்டும் திறக்க வேண்டும். வெந்நீரைக் கைபொறுக்கும் சூட்டிற்கு ஆற்றி, முதலில் முகத்தையும் இறுதியில் மறைவிடத்தையும் துடைக்க. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைத்தலே முறை. அன்றேல் நீர்த்தாரையில் நோய் பற்றும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரம் தங்கலாகாது. சுமார் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவையாவிடின் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் உண்டாம். சிவந்த இடத்தைத் தேய்த்தல் கூடாது. வாயை நாளும் இருமுறை சுத்தஞ்செய்க.

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமையென 2007-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துளது. 2021 ஆகஸ்டு 5-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், படுக்கையிலுள்ளோர்க்கு வீட்டிலேயே சிகிச்சையளிக்க ஏற்பட்டது. அதனைக் கேட்டுப் பெறுதலில் கூச்சம் வேண்டா.

ஆண்மக்களே! வாரத்தில் ஒருநாளேனும் அந்த ஈரத்துணியை நீங்களே கையிலெடுங்கள். பெற்றோரை இல்லத்தில் விட்டோர், மாதப் பணம் அனுப்புவதோடு அமையாது நேரிற் சென்று, அவர்தம் அனுமதி பெற்று முதுகைப் பாருங்கள். நாம் கடமை செய்தோமா என்பதை அம்முதுகே சொல்லும்.