எலும்புக்குப் பரவிய பின்னும்

(ஜூபிலி விழாவையொட்டி மாதா சபைத் தாய்மாருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலிக் கூட்டம் என்பதால் நம் கோயில் எழும்பிய வரலாற்றைக் கேட்க வந்திருப்பீர்கள். அதைச் சொல்ல மூத்தவர்கள் இருக்கிறார்கள். மாதா சபையினர் நம்மிடம் கேட்டுக்கொண்ட பொருள் வேறு. வீடு சந்திக்கப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில் சொல்லப்படும் பொருள் அது: மார்பகப் புற்றுநோய், அதிலும், எலும்புக்குப் பரவிவிட்ட நோய்.

“எலும்புக்கு இறங்கிடுச்சு சாமி” என்ற சொல்லோடு வீட்டில் எல்லாம் நின்றுவிடுகிறது. இனிச் செலவு வீண் என்று மருந்து நிற்கிறது. தறியிலிருந்தும் கொலுசுப் பட்டறையிலிருந்தும் அந்தத் தாயை எழுப்பிவிடுகிறார்கள். மூலையில் ஒரு கட்டில் போடப்படுகிறது. வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தகவல் போகிறது. அவரோ அடுத்த பொங்கலுக்கும், அதற்கடுத்த பொங்கலுக்கும் உலை வைக்கிறார்! இப்படியும் நடக்கக் கூடும் என்பதை முதலிலேயே அறிந்திருந்தால், அந்த ஆண்டுகளை மூலையில் கழிக்க வேண்டியதில்லை அன்றோ?

உண்மையை உண்மையாகவே பேசுவோம். நோய் எலும்பில் வேர்விட்ட பின் அதை அடியோடு நீக்கிவிடுவோம் என்று மருத்துவர்கள் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் நீக்க முடியாததெல்லாம் உடனே கொல்வதுமில்லை. சர்க்கரை வியாதியை நம்மில் எத்தனை பேர் இருபது ஆண்டுகளாகக் கட்டி மேய்க்கிறோம்! மார்பகப் புற்று உடலின் தொலை உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் கண்டறியப்படுவோரில், அமெரிக்கக் கணக்கின்படி 100க்கு ஏறத்தாழ 30 பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஈரல், மூளை ஆகியவற்றைத் தொடாமல் எலும்போடு மட்டும் நின்றவர்களின் நிலை பொதுவாக இதனினும் மேல். பத்து ஆண்டைத் தாண்டியவர்களும் உண்டு. எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. நோயின் வகையைப் பொறுத்தது அது.

வகை என்றோமே, அதை விளக்க ஒரு மாட்டுக் கதை சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டில் ஜார்ஜ் பீட்சன் என்றொரு மருத்துவர் இருந்தார். பால் சுரப்பைப் பற்றி ஆராய்ந்தபோது, சில நாடுகளில் கன்று ஈன்ற பசுவின் சூற்பையை எடுத்துவிட்டால் அது நீண்ட நாள் கறக்கிறது என்று அறிந்தார். மடிக்கும் சூற்பைக்கும் அப்படி ஓர் உறவு இருக்குமானால், மார்பகப் புற்றுக்கும் இருக்கலாமே என்று எண்ணினார். நோய் முற்றிய பெண்களுக்குச் சூற்பையை எடுத்துப் பார்த்து, கட்டி கரைந்ததை 1896இல் வெளியிட்டார். மாடு வைத்திருக்கும் நமக்கு இது விளங்காமல் போகாது.

பெண்ணுடலின் ஹார்மோனை உண்டு வளரும் வகைப் புற்று அது. நம் நாட்டு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்காவது இந்த வகைதான். 1962இல் இங்கிலாந்தில் கருத்தடைக்கென்று செய்த டமாக்சிஃபென் என்ற மருந்து, அந்த வேலைக்கு உதவாமல் போயிற்று. ஆனால் 1971இல் மார்பகப் புற்றுக்குப் பயன் தருவதாக முதல் ஆய்வு வெளிவந்தது. கட்டுபவர் தள்ளிய கல் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. இன்று அந்த மாத்திரை ஒன்று சில ரூபாய்தான். மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரொசோல் போன்றவை உள்ளன. பால்போசிக்லிப் என்ற புதிய மருந்து 2015இல் வந்தது. முதலில் எட்டாத விலை. 2023இல் காப்புரிமைக் காலம் முடிந்தபின் நம் நாட்டுக் கம்பெனிகளும் செய்து, விலை வெகுவாக இறங்கியிருக்கிறது.

ஆகவே, “என்ன வகை?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். சதைப் பரிசோதனை அறிக்கையில் அது எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தைத் திருமண ஓலைபோலப் பத்திரப்படுத்துங்கள்.

இனி எலும்புக்கு வருவோம். நம் எலும்பு ஓயாமல் கரைந்தும் கட்டப்பட்டும் வருகிறது. அங்கே குடியேறிய புற்று, கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது வெளிப்படும் பொருள்கள் புற்றுக்கே உரமாகின்றன. இந்தச் சுழலைத் தடுக்க ஸொலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். முன்பு மாதந்தோறும் ஏற்றினார்கள்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினாலும் போதும் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. பேருந்துச் செலவும் கூலி இழப்பும் எவ்வளவு மிச்சம்! ஒன்று மட்டும்: பிடுங்க வேண்டிய பல் இருந்தால் மருந்து தொடங்குமுன் பிடுங்கிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக் கூடும். ஃபுளோரைடு கலந்த நீரால் பல் கெட்டவர்கள் நம் பக்கத்தில் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

முதுகுவலி எல்லாருக்கும் வருவதுதான். மரவள்ளிக் காட்டிலும் ஜவ்வரிசி ஆலையிலும் பாடுபட்ட உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் முன்பு மார்பகப் புற்று வந்தவருக்கு, ராத்திரி படுத்தாலும் விடாத வலி புதிதாக வந்தால், எண்ணெய் போட்டு நீவவும் கட்டுப் போடவும் அழைத்துப் போகாதீர்கள். இற்ற எலும்பு முறிந்துவிடும். கால் மரத்தாலும், நடை தளர்ந்தாலும், சிறுநீர் அடைத்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று திங்கள்வரை பொறுத்தால் கால் வராமலே போகலாம். பூசைக்கு வராததை ஆண்டவர் மன்னிப்பார்.

வலிக்குக் கதிர்வீச்சு உண்டு. ஒரே ஒரு தரம் கொடுப்பதே பலருக்குப் போதும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மாதக்கணக்கில் வெளியூரில் அறை எடுக்க வேண்டுமே என்ற பயத்தால் போகாமலிருக்க வேண்டாம். மார்பின் மாத்திரையும் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட்டால் அது உயிரைக் குறைப்பதில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்; சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரியுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளருக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. படுத்தவர் வீட்டுக்கே வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அடையாறு புற்றுநோய் நிலையத்தை அறியாதார் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை முப்பது ஆண்டு சுமந்து, 1954இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் இறக்கும்வரை, புற்றுநோய் என்றாலே சாவு என்ற எண்ணத்தை எதிர்த்தே பேசி வந்தார்.

மூடி மறைப்பதற்கு இன்னொரு காரணம் நமக்குத் தெரியும்: பெண்ணுக்குக் கலியாணம் தடைப்படும் என்ற அச்சம். மார்பகப் புற்றில் 100க்குச் சுமார் 5 முதல் 10 தான் பரம்பரை வழி வருவது. தொட்டால் ஒட்டுவதுமில்லை. தாயின் நோயைக் காட்டிச் சம்பந்தத்தை முறிக்கும் வீட்டாருக்கு நாம் ஓலை வாசிக்கத் தயங்குவோம் என்று இப்போதே சொல்லி வைக்கிறோம். ஜெபக் கூட்டத்தில் சுகம் கிடைத்ததென்று சாட்சி சொல்லி, மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெபியுங்கள், மாத்திரையையும் விழுங்குங்கள்.

கடைசியாக நம்முடைய வேலையைப் பற்றி. நோயிற்பூசுதலை இன்னமும் ‘அவஸ்தை’ என்றே சொல்கிறீர்கள். குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் வந்தால், அடுத்த வீட்டுக்காரர் பாடைக்கு மூங்கில் தேடுகிறார். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல அது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. நோய் நீடித்து முற்றினால் மீண்டும் பெறலாம். ஆகவே பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாளன்று காலைத் திருப்பலியில் இதைப் பொதுவில் வழங்கவிருக்கிறோம். 1993 முதல் திருச்சபை அந்த நாளை நோயாளிகள் தினமாகக் கொண்டாடுகிறது. நடக்க முடிந்தவர்கள் நடந்தே வாருங்கள். ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் முன் பெஞ்சில் அமருங்கள். உங்களுக்கு முதலில் பூசி அனுப்பிவிடுகிறோம்.