கொள்ளைநோயும் கோயிற் கல்லறைத் தோட்டமும்



இங்கிலாந்து தேசத்துக் கிராமவாசிக்குத் தேவாலயத்தைச் சூழ்ந்த கல்லறைத் தோட்டம் பிதிரார்ஜிதத்துக்குச் சமானமாயிருந்தது. பாட்டன் கிடக்கும் மண்ணிலேயே தானும் கிடக்கவேண்டும் என்பது அவன் ஆசை. பிரேதத்தைத் தலை மேற்கும் கால் கிழக்குமாக வைத்து அடக்குவர். உயிர்த்தெழும் நாளில் கிழக்கு நோக்கி எழவேண்டுமென்பது கருத்து. ஏழைக்குச் சவப்பெட்டி ஏது? கோயிலுக்குப் பொதுவான பெட்டியில் குழிவரை சுமந்துபோய், துணி சுற்றிய உடலை மாத்திரம் இறக்கிவிட்டு, பெட்டியை அடுத்த சாவுக்கு வைத்துக்கொள்வர்.

இவ்வளவு பற்று வைத்திருந்த வழக்கத்தை ஒரு கிராமம் தானே நிறுத்திவைத்தது. டார்பிஷயரிலுள்ள ஈம் என்னும் ஊரில் 1665 செப்டம்பரில் கொள்ளைநோய் கண்டது. லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு அது வந்ததென்பர். மறு வருஷம் ஜூன் மாதத்தில் குருவானவர் வில்லியம் மாம்பெஸ்ஸனும், மதக் கொள்கையில் அவரோடு மாறுபட்ட முந்திய குருவானவர் தாமஸ் ஸ்டான்லியும் ஒருமித்து நின்று ஊராரை இணங்கச் செய்தனர். ஒருவரும் எல்லை தாண்டுவதில்லை. ஆராதனை கக்லெட் டெல்ஃப் பள்ளத்தில் வெட்டவெளியில் நடக்கும். இறந்தவரை அவரவர் வீட்டாரே தோட்டத்திலோ வயலிலோ தாமதமின்றிப் புதைக்கவேண்டும். எல்லைக் கல்லின் குழிகளில் காடி ஊற்றிக் காசு போட்டுவைப்பர். அயலூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துச் செல்வர்.

மூன்றாம் ஏற்பாடே நெஞ்சைப் பிளப்பது. 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்னும் குடியானவப் பெண் எட்டே நாளில் கணவனையும் ஆறு மக்களையும் பறிகொடுத்தாள். கால்களில் துணியைக் கட்டி இழுத்துச் சென்று, வீட்டருகே வயலில் தன் கையாலேயே குழிவெட்டிப் புதைத்தாள் என்பது ஊர் வழக்கு. மணி ஒலிக்கவில்லை, குருவானவர் ஜெபிக்கவுமில்லை. அம்மாதம் 25ஆம் தேதி இறந்த குருவானவரின் மனைவி காதரீனுக்கு மாத்திரம் கோயில் வளாகத்தில் இடம் கிடைத்தது. விலக்கு யார் வீட்டுக்குக் கிடைத்தது என்பதைக் காண்போர் கவனியாமலிரார்.

அவ்வருஷம் நவம்பருக்குள் ஏறக்குறைய 260 பேர் மாண்டனர். நோயின் கிருமி 1894இல்தான் அகப்பட்டது. தெள்ளுப்பூச்சியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. கலைந்து ஓடியிருந்தால் அவர்களிற் சிலர் பிழைத்திருக்கவுங் கூடும். ஆனால் அயற்கிராமங்கள் தப்பின.

ஹான்காக் குடும்பத்தின் கல்லறைகள் கோயிலுக்கு வெகு தூரத்தில், திறந்த வயலில், வட்டமான தாழ்ந்த சுவருக்குள் இன்றும் இருக்கின்றன.