பெயர் சுருங்கலாம், பொருள் சுருங்கலாமா?



பிரெஞ்சுத் தத்துவம் பேச ஆம்பூரா என்று இந்தக் கருத்தரங்கின் அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். பிரியாணிக்கும் காலணிக்கும் பெயர் பெற்ற ஊர்தான். ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த ஊர் 1749லேயே தெரியும். அந்த ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் இங்கே நடந்த போரில், சந்தா சாகிப், முசாபர் ஜங் ஆகியோருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படை வென்றது. ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் களத்தில் மடிந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அக்காலத்துச் செய்திகளை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். பிரெஞ்சுக்காரர்களோடு பேசியதையும் அவர்களிடம் கேட்டதையும் அவர் தமிழில் எழுதியபோது நடுவில் ஆங்கிலம் இல்லை. இன்று பிரெஞ்சுச் சிந்தனை நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் வந்து சேர்கிறது. நூலின் பெயரும் அப்படியே வருகிறது. நூற்பெயரைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

நூலுக்குப் பெயர் வைப்பது எப்படி என்பதை நம் இலக்கணம் சில்லறை விஷயமாகக் கருதவில்லை. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி அதற்கென்றே ஒரு நூற்பா செய்திருக்கிறார். முதல்நூல், ஆக்கியோன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை ஆகியவற்றால் நூல் பெயர் பெறும், இடுகுறியாகவும் பெறும். தொல்காப்பியம் ஆக்கியோன் பெயர். நாலடி நானூறு அளவால் வந்த பெயர். நன்னூல் தன்மையால் வந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு இந்தப் பட்டியல் இன்றும் உதவும். மூலநூல் எந்த வழியில் பெயர் பெற்றது என்று கேட்டுவிட்டால், எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

பிரெஞ்சு நூற்பெயரை ஆங்கிலம் நறுக்கென்று சொல்லிவிடுகிறது என்று நாம் வியக்கிறோம். அந்த நறுக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். மிஷெல் ஃபூக்கோவின் 1966ஆம் ஆண்டு நூல் 'லே மோ எ லே ஷோஸ்'. நேர்ப்பொருள், சொற்களும் பொருள்களும். 1970இல் வந்த ஆங்கிலப் பதிப்பின் பெயர் 'தி ஆர்டர் ஆஃப் திங்ஸ்'. 'சொற்களும் பொருள்களும்' என்று பொருள்படும் பெயரில் ரோஜர் பிரவுன் 1958இலும் எர்னஸ்ட் கெல்னர் 1959இலும் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டிருந்தார்கள். குழப்பம் வரும் என்று பதிப்பாளர் பெயரை மாற்றினார். ஃபூக்கோ அதற்கு இசைந்தார். அவர் முதலில் விரும்பியதும் அந்தப் பெயரைத்தான் என்று ஆங்கிலப் பதிப்பின் குறிப்பு சொல்கிறது. ஆகவே அந்த மாற்றத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைத் தூண்டியது ஆங்கிலப் புத்தகக் கடையின் நெருக்கடி. நாம் ஆங்கிலப் பெயரைப் பார்த்து 'பொருள்களின் ஒழுங்கு' என்று எழுதும்போது, நமக்கு இல்லாத ஒரு நெருக்கடிக்குத் தீர்வு எழுதுகிறோம்.

நம் நெருக்கடி வேறு. தமிழில் 'சொல்லும் பொருளும்' என்றால் யாரும் சொல்லையும் அதன் அர்த்தத்தையும்தான் நினைப்பார்கள். சொல்லதிகாரமும் பொருளதிகாரமும் படித்த நாட்டில் அது இலக்கண நூலின் பெயராகவே ஒலிக்கும். பொருள் என்னும் சொல்லுக்குள் அர்த்தமும் இருக்கிறது, கையில் எடுக்கும் பண்டமும் இருக்கிறது. சொல்லுக்கும் பண்டத்துக்கும் இடையிலுள்ள உறவு காலத்துக்குக் காலம் எப்படி மாறியது என்று ஆராயும் நூலுக்கு இந்த இரட்டைப் பொருள் வரமா, தொல்லையா? 'சொற்களும் பொருள்களும்' என்று பன்மையாக்கினால் கொஞ்சம் விலகி நிற்கும். இது பற்றி இரண்டாம் அமர்வில் சூடான விவாதம் நடக்கும் என எதிர்பார்க்கிறேன்.

ஆல்பெர் காம்யுவின் 'லெத்ரான்ழே' இன்னொரு பாடம். அமெரிக்காவில் 'தி ஸ்ட்ரேஞ்சர்'. பிரிட்டனில் அந்தப் பெயரில் வேறொரு நாவல் வந்துவிட்டிருந்ததால் 'தி அவுட்சைடர்'. பிரெஞ்சுச் சொல்லுக்கு அறிமுகமற்றவன் என்றும் பொருள் உண்டு, அயல்நாட்டான் என்றும் பொருள் உண்டு. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே மொழிபெயர்த்து, க்ரியா வெளியிட்ட தமிழ் நூலின் பெயர் 'அந்நியன்'. ஒரே சொல். அந்நியர் ஆட்சி, அந்நியத் துணி என்றெல்லாம் பேசிய தலைமுறையின் நாவில் புழங்கிய சொல் அது. கதை நடப்பது பிரான்சு ஆண்ட அல்ஜீரியாவில். கொன்றவன் பிரெஞ்சுக்காரன், கொல்லப்பட்டவன் அரபியன். ஆங்கிலப் பெயர்கள் இரண்டும் காட்டாத அந்தப் பக்கத்தைத் தமிழ்ச் சொல் தானாகவே காட்டிவிடுகிறது. பின்னர் 2005இல் அதே பெயரில் ஒரு திரைப்படம் வந்தது. அதனால் நாவலுக்கு எந்த நட்டமும் இல்லை. ஒரே பெயர் இரு படைப்புகளுக்கு இருப்பதைத் தமிழ் வாசகர் பெரிதுபடுத்துவதில்லை.

சார்த்தரின் 'உயி க்ளோ' 1944இல் பாரிசில் மேடையேறிய நாடகம். மூடிய கதவுக்குள் நடக்கும் நீதிமன்ற விசாரணையைக் குறிக்கும் சட்டத்தொடர் அது. ஆங்கிலத்தில் 'இன் கேமரா' என்றவர்கள் சட்டத்தைக் காப்பாற்றினார்கள். 'நோ எக்ஸிட்' என்றவர்கள் அறையைக் காப்பாற்றினார்கள். ஸ்ரீராம் தமிழில் 'மீள முடியுமா?' என்று கேட்டார். 'வெளியேற வழியில்லை' என்று அறிவித்தால் நாடகத்தின் விடையை வாசலிலேயே கொடுத்ததாகிவிடும். கேள்வியாக வைத்தால் விடையைத் தேட வேண்டியவர் பார்வையாளர். பெயர்ச்சொல்லைப் பெயர்ச்சொல்லாகவே மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழின் வினையும் வினாவும் அந்த வேலையைச் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்குச் சுருக்கத்தின் இலக்கணத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டேனரியில் ஷேவிங் இயந்திரத்தில் தோலின் கனத்தைக் குறைக்கிறார்கள். சீவுவது சதைப்பக்கத்தை மட்டும்தான். மேல்பக்கத்து இயல்பு வரியான கிரெயினில் கத்தி படக்கூடாது. நூற்பெயரையும் அப்படித்தான் மெலிய வைக்க வேண்டும்.

நம் வட்டாரத்திலேயே இந்த வேலையைச் செய்த முன்னோர் ஒருவர் இருக்கிறார். அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்து வெங்களத்தூரில் 1895இல் பிறந்தவர் வெ. சாமிநாத சர்மா. ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்தி, 1942இல் போருக்கு நடுவே நடந்தே தாயகம் திரும்பியவர். ரூசோ 1762இல் வெளியிட்ட 'து கோந்த்ரா சொசியால்' நூலைச் சர்மா 'சமுதாய ஒப்பந்தம்' என்று தமிழுக்குத் தந்தார். பிரெஞ்சுப் பெயரின் தொடக்கத்தில், இதைப் பற்றிய நூல் என்று அறிவிக்கும் ஒரு சிறு இடைச்சொல் உண்டு. ஆங்கிலம் அதை உதிர்த்தது, சர்மாவும் உதிர்த்தார். பொருளால் பெயர் பெற்ற நூலுக்கு 'பற்றி' தேவையில்லை, அது சதைப்பக்கம்.

ஆனால் 'ஒப்பந்தம்' அன்று ஒலித்தது போலவா இன்று ஒலிக்கிறது? வாணியம்பாடியிலிருந்து இராணிப்பேட்டை வரை எந்தத் தொழிற்சாலை வாசலில் கேட்டாலும் ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தத் தொழிலாளிதான் நினைவுக்கு வருவார். எழுதியவர் ஒருவர், கையெழுத்திட வேண்டியவர் வேறொருவர். ரூசோ சொன்ன ஒப்பந்தத்தில் எழுதுபவரும் கையெழுத்திடுபவரும் ஒருவரே, அதாவது மக்கள். 'உடன்படிக்கை' இதற்குப் பொருந்துமா? அது அரசுகளுக்கு இடையில் நடப்பதாகத் தோன்றும். சர்மாவின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. புதிதாக மொழிபெயர்ப்பவர் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்கிறேன்.

இறுதியாக, நம் வட்டாரத்துக்கு நெருக்கமான ஒரு சவால். ஃபூக்கோவின் 1975ஆம் ஆண்டு நூல் 'சுர்வேயே எ பூனீர்'. இரண்டும் வினை. முதல் வினைக்கு ஆங்கிலத்தில் ஈடான சொல் அமையாததால் மொழிபெயர்ப்பாளர் ஆலன் ஷெரிடன் தடுமாறினார். ஆசிரியரே சொல்லித்தந்தபடி 1977இல் அது 'டிசிப்ளின் அண்டு பனிஷ்' ஆயிற்று. ஆங்கிலம் தவித்த அந்த இடத்தில் நம்மிடம் சொல் இருக்கிறது: கண்காணி. ஏவலும் அதுவே, ஆளின் பெயரும் அதுவே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஆள் சேர்த்து, கடன் கொடுத்து, வேலை வாங்கி, மேற்பார்த்த கங்காணி அந்தச் சொல்லிலிருந்து வந்தவர். பெண்களே மிகுதியாக வேலை செய்யும் இங்குள்ள காலணித் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளரும் கேமராவும் மணிக்கணக்கு இலக்கும் என்ன செய்கின்றன என்பதை அறிந்து அங்கு வேலை பார்க்கும் ஒரு சகோதரிக்கு இந்தச் சொல் உடனே விளங்கும். 'ஒழுக்கமும் தண்டனையும்' என்று ஆங்கிலத்தை ஒட்டி எழுதினால் அவர் அதை நீதிபோதனைப் புத்தகம் என்று ஒதுக்கிவிடுவார். 'கண்காணி, தண்டி' என்று ஏவலாக வைக்கலாமா என்று கேட்டால், தண்டியலங்காரம் படித்தவர்கள் சிரிப்பார்கள். 'கண்காணிப்பும் தண்டனையும்' கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் கிரெயின் கெடவில்லை. இதைவிட நல்லது கிடைத்தால் மகிழ்ச்சியோடு ஏற்கலாம்.

கருத்தரங்கிற்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஆங்கில வழியாக மொழிபெயர்ப்பவரும் பிரெஞ்சு முகப்புப் பக்கத்தை, துணைத்தலைப்போடு, ஒருமுறை பார்த்துவிட்டே பெயர் வைக்கட்டும். இரண்டாவது, தேர்ந்த பெயரோடு கைவிட்ட பெயர்களையும் முன்னுரையில் ஒரு பத்தியில் சொல்லட்டும். அடுத்த மொழிபெயர்ப்பாளருக்கு அதுவே பாதி வேலை. மூன்றாவது ஆசிரியர்களுக்கு. மேல்நிலைப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் அந்த மொழி அவர்களிடமிருந்து போய்விடுகிறது. அவர்களில் சிலரையாவது இந்தப் பணிக்கு அழைத்து வாருங்கள். ஆங்கிலத்தின் தயவின்றிப் பிரெஞ்சு நூல் படிக்கும் தமிழர்கள் அவர்களிலிருந்துதான் வர வேண்டும்.

இந்த எதிர்பார்ப்புகளோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.